எண்ணிக்கை சரியாக இருந்த நாள்

1. மிஞ்சிய பொட்டலம்

அன்றைக்கு மீன் சாப்பாடு ஒன்று குறைந்தது. சைவப் பொட்டலம் ஒன்று மிஞ்சியது. அதை வைத்துத்தான் கடலில் ஒரு ஆளை விட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்று எனக்குத் தெரிந்தது.

நான் ரெஜினா. புதுச்சேரியில் ஒரு சுற்றுலாக் கம்பெனியில் பதினோரு வருஷம் டிரிப் இன்சார்ஜாக இருந்தேன். 'தீவுப் பயணம், ஸ்நார்க்கலிங், மதியச் சாப்பாடு' என்று போர்டில் எழுதியிருக்குமே, அந்த வேலை. காலையில் ஆட்களை ஃபைபர் போட்டில் ஏற்றிக் கடலுக்குள் கூட்டிப்போவோம். கடலடியில் இருக்கும் ஒரு பாறைத் திட்டின் மேல் போட்டை நிறுத்தி, கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டி இறக்கி மீன் காட்டுவோம். பிறகு மணல்திட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாடு போட்டு, சாயங்காலத்துக்குள் டவுனில் விடுவோம்.

அன்று வந்தவர்கள் இருபத்திரண்டு பேர். பதினேழு மீன் சாப்பாடு, ஐந்து சைவம். சைவம் கேட்டவர்களின் பெயரை வாழை இலைப் பொட்டலத்தின் மேல் நானே மார்க்கரில் எழுதிவைப்பேன். கீற்றுக் கொட்டகையில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். முதலாளியின் மச்சான், எங்கள் விளம்பரத்துக்குப் போட்டோ எடுப்பவர், தட்டை நீட்டி மீன் கேட்டார். பாத்திரத்தில் மீன் இல்லை. கணக்குப்படி ஒன்று இருக்க வேண்டுமே என்று குனிந்து பார்த்தேன். கூடையில் ஒரு பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. மேலே 'திலகவதி' என்று என் கையெழுத்து.

மச்சான் எங்களோடு காலையில் புறப்படவில்லை. வாட்டர் ஸ்கூட்டரில் யாரோ கொண்டுவந்து பாறைத் திட்டில் விட்டார்கள். படம் எடுத்துவிட்டு எங்கள் போட்டிலேயே ஏறிக்கொண்டார். விருந்தாளிகள் போட்டிருந்த அதே ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட் அவர் உடம்பிலும் இருந்தது. புறப்படும்போது எங்கள் ஸ்நார்க்கல் கைடு அருள் ஆரஞ்சு ஜாக்கெட்டுகளை எண்ணினான். இருபத்திரண்டு வந்தது. "இருபத்திரெண்டு ஓகேக்கா" என்று குரல் கொடுத்தான். நான் சாப்பாட்டுக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்காமலே கையை அசைத்தேன். போட் கிளம்பிவிட்டது.

அந்தக் கையசைப்பு என்னுடையது. இந்தக் குறிப்பில் நான் பலர் மேல் கோபப்படப்போகிறேன். அதனால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

2. தீவு இல்லாத தீவுப் பயணம்

வேலையில் சேர்ந்த முதல் நாளே எனக்கு இந்தக் கம்பெனியின் குணம் தெரிந்திருக்க வேண்டும். பிரெஞ்சு பேசுவேன் என்பதற்காக என்னை எடுத்தார்கள். முதல் நாள் கையில் கொடுத்த நோட்டீஸில் பளிங்குப் பச்சைக் கடல், வெள்ளை மணல், சிவப்புப் பவளப் பாறை. எந்த நாட்டுப் படமோ. நம் கரைக்கு எதிரே தீவே கிடையாது என்பது இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். நாங்கள் கூட்டிப்போவது உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் மணல்திட்டு. படகில் போய் இறங்குவதால் தீவு என்று சொல்லிக்கொள்வது.

அந்த முதல் நாள் வந்த ஒரு பிரெஞ்சுக் கிழவி இறங்கியதும் சுற்றிப் பார்த்துவிட்டு, "தீவு எங்கே?" என்று என்னைத்தான் கேட்டார். சாயங்காலம் முதலாளியிடம் படத்தையாவது மாற்றலாம் என்றேன். அவர் சிரித்தார். "வந்தவங்க திரும்பியா போயிட்டாங்க? சாப்பாடு நல்லா போடுங்க, எல்லாம் மறந்துடுவாங்க" என்றார்.

நம் கடலும் பார்க்கத் தகுந்ததுதான். பங்குனி சித்திரையில் தண்ணீர் தெளிந்தால் அந்தப் பாறைத் திட்டில் கூட்டம் கூட்டமாக மீன் மேயும். ஆனால் அங்கே நீரோட்டம் உண்டு. மேலே அலை அடங்கியிருந்தாலும் அடியில் இழுக்கும். இருபது பேருக்கு மேல் இறக்கினால் தண்ணீரில் இரண்டு கைடு வேண்டும், ஏறும்போது பெயர் வாசிக்க வேண்டும் என்று பல தடவை சொல்லியிருக்கிறேன். எழுதியும் கொடுத்திருக்கிறேன். "பள்ளிக்கூடமா நடத்துறோம்? கஸ்டமர் மூடு கெட்டுடும்" என்பது ஒரு தடவை கிடைத்த பதில். மற்ற தடவைகளில் அதுவும் கிடைக்கவில்லை. பொட்டலம் மிஞ்சிய அன்றும் இருபத்திரண்டு பேருக்கு அருள் ஒருவன்தான். மதியம் இன்னொரு குழு காத்திருந்ததால் போட் சீக்கிரம் திரும்ப வேண்டும் என்று காலையிலிருந்தே அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

திலகவதி சேலத்துக்காரர். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். அறுபதைத் தாண்டியவர். தனியாக வந்திருந்தார். போட்டில் ஏறும்போது என்னிடம், வேலையில் இருந்தவரை விடுமுறை என்றால் வீட்டு வேலைதான், இப்போதுதான் ஒவ்வொரு ஊராகப் பார்க்கிறேன் என்றார். நீச்சல் தெரியுமா என்று கேட்டேன். கிணற்றில் கற்றது என்றார். காலேஜ் பிள்ளைகளெல்லாம் ஜாக்கெட்டை இறுக்கமாக இருக்கிறது என்று தளர்த்திக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் ஒவ்வொரு வாரையும் இழுத்துப் பார்த்துக் கட்டிக்கொண்டார்.

3. வடக்கே இழுக்கும் தண்ணீர்

பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகையில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். இன்னொரு தடவை சத்தமாகக் கூப்பிட்டேன். ஒரு பெண், "அந்த ஆன்ட்டி போட்டுலயே பக்கத்துல இல்லையே" என்றாள். அருளைப் பார்த்தேன். அவன் மச்சானைப் பார்த்தான். அந்த இடத்திலேயே இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது.

மணி பன்னிரண்டரை ஆகப்போகிறது. பாறைத் திட்டிலிருந்து நாங்கள் கிளம்பி ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது.

முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எண்ணிக்கை சரியாத்தானே இருந்துச்சு? கரையில நல்லா தேடுங்க, பாத்ரூம் போயிருப்பாங்க. போலீசு, கோஸ்ட் கார்டு எதுக்கும் போன் பண்ணிடாதீங்க. நான் சொல்ற வரைக்கும் போட்டு நகரக் கூடாது."

நான் போனை வைத்துவிட்டேன். அருளிடம், கடலோரக் காவலுக்கு உடனே சொல்லு, இங்கே இருப்பவர்கள் ஒருவரும் தண்ணீரில் இறங்காமல் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போட்டுக்கு ஓடினேன். எங்கள் போட்டை ஓட்டுபவர் சேகர் அண்ணன், வைத்திக்குப்பத்துக்காரர். நான் போய்ச் சேர்வதற்குள் அவர் நங்கூரத்தை எடுத்து எஞ்சினைப் போட்டிருந்தார். முதலாளி நகரக் கூடாது என்கிறார் என்றேன். "ஏறும்மா" என்றார்.

நான் பாறைத் திட்டுக்குத்தான் போகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "அங்க போயி என்னாத்த பாக்குறது? தண்ணி காலையிலேர்ந்து வடக்க இழுக்குது. இந்நேரம் டவுனுக்கு நேரா போயிருப்பாங்க" என்றார். ஒரு கையால் ஓட்டிக்கொண்டே தன் ஊர்க்காரர்களுக்குப் போன் போட்டார். நண்டு வலை எடுக்கப் போன இரண்டு போட்டுகள் அந்தப் பக்கம் இருந்தன. ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஒரு அம்மா, தேடுங்கள் என்றார். அவ்வளவுதான் பேச்சு. யாருடைய ஆள், எந்தக் கம்பெனி என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வரவில்லை. வலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தார்கள். தங்கள் பிழைப்பை நிறுத்திவிட்டு வந்தவர்களுக்கு, கம்பெனியிலிருந்து பிற்பாடு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

போட்டின் முன்பக்கம் நின்று பார்த்துக்கொண்டே போனேன். அந்த வெயிலில் கடல் முழுக்க மினுமினுப்பு. தலை மாதிரித் தெரிவதெல்லாம் அலையாக இருந்தது. தேங்காய் ஒன்று மிதந்து வந்தது. நான் கத்திவிட்டேன். சேகர் அண்ணன் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு போட்டைத் திருப்பினார். நான் வேண்டிக்கொள்ளக்கூட இல்லை. திலகவதியின் முகம் எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜாக்கெட் வாரை இழுத்துக் கட்டிய கைகள்தான் நினைவுக்கு வந்தன.

வலை போட்டிருக்கும் இடத்துக்கு அடையாளமாக மீனவர்கள் மிதவையில் ஒரு கழியை நட்டுக் கறுப்புத் துணி கட்டியிருப்பார்கள். அந்தக் கொடிகளில் ஒன்றின் அடியில்தான் அவர் இருந்தார். முதலில் பார்த்தது நண்டு வலைப் போட்டுக்காரர்கள். அவர்கள் துண்டைச் சுழற்றியதைப் பார்த்து நாங்கள் போனோம். ஜாக்கெட்டின் ஒரு வாரை மிதவைக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, முகத்தை வெயிலுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, மல்லாந்து கிடந்தார். உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அந்தக் கொஞ்ச தூரத்தை நான் இன்றும் கடந்துகொண்டுதான் இருக்கிறேன். கிட்டப் போனதும் கண்ணைத் திறந்தார்.

நான்கு பேர் சேர்ந்து தூக்கினோம். உதடு வெடித்திருந்தது. சொறிமீன் பட்டு இரண்டு காலும் சாட்டையால் அடித்த மாதிரி தடித்துப்போயிருந்தன. நீந்துவதற்கு மாட்டியிருந்த துடுப்புச் செருப்பு ஒரு காலில் இல்லை. தண்ணீர் கொடுத்தேன். நர்ஸ் அல்லவா, மடமடவென்று குடிக்காமல் வாயை நனைத்து நனைத்துக் குடித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க கிளம்பிப் போறத பாத்துக்கிட்டே இருந்தேன். கைய காட்டினேன். எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி போட்டோவுக்கு நின்னுட்டிருந்தீங்க."

குரலில் கோபம் இல்லை. நடந்ததைச் சொன்னார். அதனால்தான் தாங்க முடியவில்லை.

விசில் ஊதினீர்களா என்று கேட்டேன். ஜாக்கெட்டில் விசில் தொங்க வேண்டிய இடத்தைத் தொட்டுக் காட்டினார். வெறும் கயிறு இருந்தது. நீரோட்டத்தை எதிர்த்து நீந்தினால் களைத்துப்போவோம் என்று தெரிந்து, போகிற போக்கில் மிதந்திருக்கிறார். கலங்கரை விளக்கம் தெரிந்ததாம். பீச் ரோட்டில் கார் போவதுகூடத் தெரிந்ததாம். "அவ்வளவு பேரு இருக்காங்க, ஒருத்தருக்கும் தெரியாதேன்னு நெனச்சப்பதான் அழுகை வந்துச்சு" என்றார்.

திரும்பும் வழியில் ரோந்துப் படகு எதிரே வந்தது. அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நாங்கள் சொன்னதே அவ்வளவு தாமதம்.

4. டைப் அடித்த கடிதம்

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சாயங்காலம் முதலாளி வந்தார். கையில் ஆப்பிளும் ஒரு ஃபைலும் இருந்தன. படுக்கைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மிகவும் அக்கறையான குரலில் கேட்டார்.

"இந்த வயசுல எதுக்கும்மா தனியா கடலுக்கெல்லாம் வர்றீங்க? பிள்ளைங்க கூட வரக் கூடாதா?"

கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த திலகவதி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஃபாரத்துல வயச கேட்டு எழுதிக்கிட்டீங்களே. அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார்.

முதலாளி எழுந்து என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். ஃபைலில் டைப் அடித்த கடிதம். 'மேற்படி பயணி கைடின் அறிவுரையை மீறித் தனியாக நெடுந்தூரம் நீந்திச் சென்றுவிட்டார். ஊழியர்கள் உடனடியாகத் தேடி மீட்டனர்.' அடியில் அருளின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. அதற்கு மேல் என் பெயரைப் போட்டு இடம் விட்டிருந்தார்கள்.

அவர் மீறவில்லை என்றேன். அவர் பாறைக்கு மேலேயே இருந்தார், நாம்தான் விட்டுவிட்டு வந்தோம் என்றேன்.

"ரெஜினா, ஆளு உயிரோடதான இருக்காங்க. அப்புறம் என்னா?" என்றார்.

எத்தனையோ பேர் என்னிடம் கோபமாகப் பேசியிருக்கிறார்கள். அவையெல்லாம் மறந்துபோயின. இந்த அமைதியான வார்த்தை மட்டும் இன்றுவரை காதில் எரிகிறது. திலகவதி உயிரோடு இருப்பதற்கு முதலாளி என்ன செய்தார்? போட்டை நகர்த்தாதே என்றார். போன் பண்ணாதே என்றார். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து ஆப்பிள் கொடுக்க எதிரே ஆள் இருந்திருக்காது.

கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். அப்படியென்றால் உன் தப்பும் வெளியே வரும், நீதான் இன்சார்ஜ் என்றார். வரட்டும் என்றேன். வாய்தான் சொன்னது.

ரெட்டியார்பாளையத்தில் என் வீட்டுக்குப் போனதும் கோடு போட்ட தாளை எடுத்து உட்கார்ந்தேன். எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று வரிசையாக எழுதினேன். கைடு ஒருவர்தான் என்பதையும், பெயர் வாசிக்க அனுமதி கேட்டு மறுக்கப்பட்டதையும், விசில் இல்லாததையும் எழுதினேன். 'எண்ணிக்கை சொல்லப்பட்டபோது நான் திரும்பிப் பார்க்கவில்லை' என்ற வரிக்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது. அதை விட்டுவிடலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். விட்டிருந்தால் என் தாளும் டைப் அடித்த கடிதத்தின் தங்கச்சிதான். எழுதினேன். மறுநாள், கடலோரக் காவல் தகவல் சொல்லி வந்திருந்த சுற்றுலாத் துறை விசாரணை அதிகாரியிடம் கொடுத்தேன். அன்றே எனக்கு வேலை போனது.

அருளைப் பற்றிக் கேட்பீர்கள். அவன் வீட்டுக்கு வந்து அழுதான். வேலை போனால் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவேன்க்கா என்றான். அவனை நான் திட்டவில்லை. ஒருவனை அந்த நிலையில் வைத்துக் கையெழுத்து வாங்குகிறார்களே, அவர்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம்.

5. விசாரணை

பத்து நாள் கழித்து விசாரணை. திலகவதி சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். காலில் தழும்பு கறுத்திருந்தது. முதலாளி வக்கீலோடு வந்தார். அவர் பேசியதைக் கேட்டால், ஒவ்வொரு விருந்தாளியையும் தனித்தனியே மடியில் வைத்துத் தாலாட்டும் கம்பெனி என்று தோன்றும். வருகிறவர்களைக் குடும்பம் மாதிரிப் பார்க்கிறோம் என்றார். இந்த அம்மா சொல் கேட்காமல் போனதற்கு நாங்கள் என்ன செய்வது என்றார்.

அதிகாரி திலகவதியைப் பார்த்து நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார். அவர் எழுந்தார். நீண்ட பேச்சு ஒன்றும் இல்லை.

"என் பேரு என்னன்னு அவர கேளுங்க சார்."

முதலாளி வாயைத் திறந்தார், மூடினார். ஃபைலைப் பிரித்தார். ஒரு பக்கம் புரட்டினார், இன்னொரு பக்கம் புரட்டினார். கடிதத்தில் 'மேற்படி பயணி' என்றுதானே இருந்தது. வக்கீல் குனிந்து காதில் ஏதோ சொல்லப் போனார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். மேற்கொண்டு கேட்க எங்களில் யாருக்கும் ஒன்றும் இருக்கவில்லை.

கம்பெனியின் அனுமதியை நிறுத்திவைத்தார்கள். நியாயம் கிடைத்தது என்று நீங்கள் சந்தோஷப்படுவதற்கு முன்னால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த சீசனில் அதே இடத்தில், மச்சான் பெயரில், வேறு போர்டு வைத்துத் திறந்தார்கள். 'இதுவரை ஒரு விபத்தும் இல்லை' என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். புதுக் கம்பெனி அல்லவா, பொய் என்றும் சொல்ல முடியாது. அதை வாங்கிப் படித்த அன்று நான் அவர்கள் கடைவாசலிலேயே நின்று கிழித்தேன். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை.

6. இப்போது

சேகர் அண்ணனும் அந்த வேலையை விட்டார். அவரும் அவர் ஊர்க்காரர்கள் இரண்டு பேரும் சேர்ந்து முறைப்படி அனுமதி வாங்கி இப்போது சொந்தமாக டிரிப் நடத்துகிறார்கள். நான் அவர்களோடு இருக்கிறேன். எங்கள் நோட்டீஸில் தீவு என்ற வார்த்தை கிடையாது. மணல்திட்டு என்றே போட்டிருக்கிறோம். அதனால் கூட்டம் குறைவுதான். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் ஏற்றுவதில்லை, தண்ணீரில் இரண்டு கைடு. திலகவதி அடுத்த வருஷமே வந்தார். அன்று மீனைச் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு, முதல் ஆளாகத் தண்ணீரில் இறங்கினார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. எண்ணிக்கை உங்களை ஏமாற்றும். ஜாக்கெட்டை எண்ணாதீர்கள், தலையை எண்ணாதீர்கள். பெயரைக் கூப்பிடுங்கள், முகத்தைப் பாருங்கள். ஒருவருக்காக இன்னொருவர் பதில் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். 'ஓகே' என்று யாராவது குரல் கொடுத்தால் திரும்பிப் பாருங்கள். முதலாளி எரிச்சல்படுவார். படட்டும். பார்க்காததில் கையெழுத்துப் போடாதீர்கள். பார்த்ததை, உங்கள் தப்பு உட்பட, எழுதிவைக்கத் தயங்காதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து நண்பர்கள் ஆறு பேர் வந்தார்கள். பாறைத் திட்டிலிருந்து எல்லோரும் போட்டில் ஏறியபின் பெயர் வாசித்தேன். கார்த்திக் என்றபோது பக்கத்தில் இருந்தவன், "இருக்கான் மேடம், தூங்குறான், போலாம்" என்றான். தொப்பி முகத்தை மூடியிருந்தது. சேகர் அண்ணன் எஞ்சினில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். மறுபடி கூப்பிட்டேன். மற்றவர்கள் சிரித்தார்கள், ஒருத்தி அலுத்துக்கொண்டாள். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது தொப்பி விலகியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு அவன் என்னைப் பார்த்தான்.

"இருக்கேன்" என்றான்.

அதற்குப் பிறகுதான் போட்டை எடுக்கச் சொன்னேன்.